ஆர்தர் வார்ட்டனின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

ஆப்பிரிக்காவில் பிறந்து ஐரோப்பிய மைதானங்களில் முதன்முதலாகப் பெயர் பெற்ற கால்பந்து வீரர்களைப் பற்றித் தமிழில் எழுத விரும்புகிறவர்கள் ஆர்தர் வார்ட்டனிடமிருந்து தொடங்குவது நல்லது. பள்ளி மாணவர்களுக்கான உரையாக இருந்தாலும், சிறுவர் இதழுக்கான கட்டுரையாக இருந்தாலும், விளையாட்டு வரலாற்று நூலின் ஓர் அத்தியாயமாக இருந்தாலும், அவருடைய வாழ்க்கையை எழுதும்போது எழும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவரைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் “உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர்” என்ற ஒரே வரியில் தொடங்கி அந்த வரியிலேயே முடிந்துவிடுகின்றன. அவர் ஓடியதும், பந்தைக் குத்தியதும், மதுக்கடை நடத்தியதும், நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை செய்ததும் அந்த ஒரு வரிக்கு அடியில் புதைந்துபோகின்றன. அந்த வரிக்குள்ளிருந்து மனிதரை வெளியே கொண்டுவர எழுதுகிறவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே சொல்லப்போகிறேன்.

பிறப்பிடத்தைச் சரியாக அமைத்தல்

வார்ட்டன் 1865 அக்டோபர் 28 அன்று அக்ராவின் ஜேம்ஸ்டவுன் பகுதியில் பிறந்தார். அக்ரா இன்று கானாவின் தலைநகரம். அன்று கானா என்றொரு நாடு கிடையாது. ஆகையால் “கானாவில் பிறந்தார்” என்று மட்டும் எழுதுவது காலப்பிழை ஆகிவிடும். அப்பகுதியை ஆங்கிலேயர் கோல்டு கோஸ்ட், அதாவது தங்கக் கரை, என்று அழைத்தார்கள். வார்ட்டன் ஏறக்குறைய ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த 1874ஆம் ஆண்டில்தான் அது முறைப்படி பிரித்தானிய முடியரசின் குடியேற்றப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. விடுதலை பெற்றுக் கானா என்ற பெயரைச் சூடிக்கொண்டது 1957இல். “இன்றைய கானாவின் தலைநகரான அக்ராவில், அன்றைய கோல்டு கோஸ்ட்டில்” என்று ஒரே தொடரில் இரண்டையும் சொல்லிவிட்டால் வாசகர் குழப்பமடைய மாட்டார்.

பெற்றோரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் “ஏழை ஆப்பிரிக்கச் சிறுவன் இங்கிலாந்துக்குப் போய் வென்றான்” என்ற பழகிப்போன கதைக்குள் வார்ட்டன் அடங்கவே மாட்டார். தந்தை ஹென்றி வார்ட்டன் கரீபியத் தீவான கிரெனடாவைச் சேர்ந்த மெதடிஸ்ட் என்னும் கிறித்தவப் பிரிவின் சமயப் போதகர். அவருடைய முன்னோரில் ஸ்காட்லாந்துக்காரரும் இருந்தனர், ஆப்பிரிக்க வழியினரும் இருந்தனர். தாய் ஆனி ஃபுளோரன்ஸ் எக்ரிபா, கோல்டு கோஸ்ட்டின் கடலோரத்தில் வாழ்ந்த ஃபாண்டே மக்களின் அரச குடும்பத்தோடு உறவுடையவர். ஆக, ஆர்தர் தம் ஊரில் படித்த, மதிப்புள்ள, வசதியான குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்துக்கு அவர் அனுப்பப்பட்டதும் விளையாடுவதற்காக அன்று. தந்தையைப் போலச் சமயப் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் பயிற்சி பெறுவதற்காக. 1884இல் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள டார்லிங்டன் நகரின் கிளீவ்லாந்து கல்லூரியில் அவர் இருந்தார். அதே ஆண்டின் இறுதியில் பெர்லினில் கூடிய மாநாட்டில் ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதற்கான விதிகளை வகுக்கத் தொடங்கின. இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்தால் போதும்; மேலும் விளக்கவுரை வேண்டியதில்லை. அவர் எத்தகைய காலத்தில், எத்தகைய நாட்டில் போய் இறங்கினார் என்பது வாசகருக்குத் தானே விளங்கும்.

“முதல்” என்ற சொல்லைச் சோதித்தல்

இதில்தான் அதிகப் பிழைகள் நேர்கின்றன. எந்த முன்னோடியைப் பற்றி எழுதினாலும், “முதல்” என்று எழுதிய உடனே எழுதுகிறவர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்: எதில் முதல்? எந்த நாட்டில்? எந்த நிலையில்? கிடைத்திருக்கும் பதிவுகளின்படி முதலா, அல்லது உண்மையிலேயே முதலா?

வார்ட்டனையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு முன்பே ஆண்ட்ரூ வாட்சன் என்ற கறுப்பின வீரர் பிரித்தானியாவில் புகழோடு விளையாடினார். வாட்சன் 1856இல் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கழகத்துக்கு ஆடியவர். 1881 மார்ச்சில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை 6–1 என்று வென்ற ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். ஆகவே வார்ட்டனை “முதல் கறுப்பினக் கால்பந்து வீரர்” என்று எழுதினால் அது தவறு. “முதல் கறுப்பினத் தொழில்முறை வீரர்” என்பதே பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட வரையறை. வாட்சனும் தம் ஆட்டக்காலத்தின் பிற்பகுதியில் பணம் பெற்றிருக்கலாம் என்று வாதிடுகிற ஆய்வாளர்கள் இருப்பதால், “அறியப்பட்டவரையில்” என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வது நேர்மை. வார்ட்டன் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தவர், வாட்சன் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவர் என்ற வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. “ஆப்பிரிக்காவில் பிறந்த முதல் தொழில்முறை வீரர்களில் முன்னிற்பவர்” என்பது இன்னும் உறுதியான தளம்.

மற்ற முன்னோடிகளின் வாழ்க்கையிலும் இதே கண்ணி இருக்கிறது. ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதை 1965இலேயே யுசேபியோ பெற்றுவிட்டார். அவர் பிறந்தது 1942இல், இன்றைய மொசாம்பிக்கின் தலைநகரில். ஆனால் அப்போது மொசாம்பிக் போர்த்துகலின் ஆட்சியில் இருந்ததால் ஆடியதெல்லாம் போர்த்துகல் நாட்டு அணிக்கே. 1995இல் லைபீரியாவின் ஜார்ஜ் வேயா பெற்றபோது, விடுதலை பெற்ற ஓர் ஆப்பிரிக்க நாட்டின் அணிக்கு ஆடும் ஒருவருக்கு அவ்விருது முதன்முதலாகக் கிடைத்தது. “தங்கப் பந்து வென்ற முதல் ஆப்பிரிக்கர்” என்ற பட்டத்தை இருவரில் யாருக்குத் தந்தாலும் மற்றவருடைய வரலாற்றில் பாதி மறைந்துவிடுகிறது. இரண்டு வாக்கியங்கள் கூடுதலாக எழுதத் தயங்காமல் முழு உண்மையையும் சொல்வதே முறை. அந்தக் கூடுதல் வாக்கியங்களில்தான் ஆப்பிரிக்கக் கால்பந்தின் உண்மையான வரலாறு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அன்றைய ஆட்டத்தை வாசகருக்குக் காட்டுதல்

வார்ட்டன் கோல் காப்பாளர். இன்றைய கோல் காப்பாளரை மனத்தில் வைத்துக்கொண்டு அவரைப் படிக்கிற வாசகருக்கு எதுவும் புரியாது. எனவே அவர் ஆடிய காலத்து விதிகளை ஒரு பத்தியிலாவது விளக்க வேண்டும். அப்போது கோல் காப்பாளர் பந்தைக் கையால் தொடுவதற்குத் தனிப் பெட்டி ஏதும் வரையறுக்கப்படவில்லை. 1912 வரை தம் அணியின் பாதி மைதானத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் அவர் பந்தைக் கையாளலாம். அதே வேளையில் எதிரணி முன்கள வீரர்கள் தோளால் மோதி அவரைப் பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளுவதும் அனுமதிக்கப்பட்டிருந்தது. நிற, வடிவ வேறுபாடுள்ள தனிச் சட்டையும் கிடையாது. தம் அணியினர் அணிந்ததையே அவரும் அணிந்தார். கம்பங்களுக்குப் பின்னால் வலை கட்டும் வழக்கம் 1890களின் தொடக்கத்தில்தான் வந்தது. தண்டனை உதை என்னும் பெனால்டி விதி 1891இல் வந்தது.

இவற்றைப் பட்டியலாகக் கொட்டிவிடாமல் வார்ட்டனின் உடலோடு இணைத்துச் சொல்ல வேண்டும். அடிபடாமல் பந்தைக் காப்பாற்ற இரண்டே வழிகள்தான் அப்போது இருந்தன. ஒன்று, மோத வருகிறவர் நெருங்கும் முன்பே பந்தைக் குத்தியோ உதைத்தோ வெகுதூரம் அனுப்பிவிடுவது; மற்றொன்று, அவரைவிட வேகமாக ஓடுவது. வார்ட்டனிடம் இரண்டுமே இருந்தன. முஷ்டியால் பந்தைக் குத்தி வெளியேற்றுவதில் அவர் பேர்பெற்றவர். ஓட்டத்தில் நாட்டிலேயே அவருக்கு நிகர் இல்லை. கோலின் ஓரத்தில் குந்தியிருந்து கடைசி நொடியில் பாய்ந்து வருவார் என்றும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. இத்தனை வேகமுள்ள ஒருவர் ஏன் முன்களத்தில் ஆடாமல் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார் என்ற கேள்வி வாசகருக்கு எழும். அதை எழவிடுங்கள். அக்கால விதிகளைப் படித்தவருக்கு விடையும் பாதி கிடைத்துவிடும்: அன்றைய கோல் காப்பாளருக்கு வேகமே கேடயம். சில நேரங்களில் அவர் ஓரமுன்கள வீரராகவும் ஆடியிருக்கிறார் என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓட்டத்தைப் பற்றி எழுதும்போது

1886 ஜூலை 3 அன்று லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் நடந்த அமெச்சூர் (ஊதியம் பெறாத வீரர்களின்) தடகளச் சங்கத்தின் வாகையர் போட்டியில், 100 கஜ ஓட்டத்தை வார்ட்டன் 10 விநாடியில் ஓடி வென்றார். அடுத்த ஆண்டும் அப்பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். இதை எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

100 கஜம் என்பது 91.44 மீட்டர். இன்றைய வாசகருக்கு மீட்டர் கணக்கே பழக்கம் என்பதால் அதையும் தர வேண்டும். ஆனால் கணக்கை நீட்டித்து “100 மீட்டரை இத்தனை விநாடியில் ஓடியிருப்பார்” என்று எழுதவே கூடாது. கரித்தூள் பரப்பிய தடம், கையால் அழுத்தும் கடிகாரம், தொடக்கக் கட்டைகள் இல்லாமல் நின்றபடி புறப்படும் முறை ஆகிய எல்லாவற்றையும் இன்றைய ஓட்டத்தோடு ஒப்பிட்டால் இரு தரப்புக்கும் அநீதி. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர் என்று சொல்லலாம். அது வெறும் வகுத்தல் கணக்கு, அதில் ஊகம் ஏதுமில்லை.

“உலகச் சாதனை” என்ற சொல்லும் அடைமொழியோடு வர வேண்டும். தடகளச் சாதனைகளை உறுதிசெய்யும் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1912இல்தான் உருவானது. ஆகவே “அன்று உலகின் மிகச் சிறந்த நேரமாகக் கருதப்பட்டது” என்பதே சரியான தொடர். அவ்வாறே, ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் என்றதும் செல்சி கழகத்தின் மைதானம் என்று எழுதத் தோன்றும். செல்சி தொடங்கப்பட்டது 1905இல். வார்ட்டன் ஓடிய நாளில் அது தடகள மைதானம் மட்டுமே. இத்தகைய சிறு பிழை ஒன்று கட்டுரையில் இருந்தால் விவரம் அறிந்த வாசகர் மற்றச் செய்திகளையும் நம்ப மறுத்துவிடுவார்.

ஓட்டத்தைக் கால்பந்திலிருந்து தனியாகப் பிரித்து எழுதுவதும் பிழையே. இரண்டையும் இணைக்கும் கயிறு பணம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் வீரர்களுக்கு ஊதியம் தருவதை 1885 ஜூலையில்தான் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. தடகளமோ பணத்துக்கு ஓடுகிறவரை அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கிவைத்தது. வார்ட்டன் டார்லிங்டனிலும், பிறகு பிரெஸ்டன் நார்த் எண்டிலும் ஆடியபோது அமெச்சூராகவே இருந்தார். பிரெஸ்டனோடு 1886–87 பருவத்தில், கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதிவரை சென்றார். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியிடம் 1–3 என்று பிரெஸ்டன் தோற்றது. 1888இல் அவர் பிரெஸ்டனை விட்டு விலகிப் பணத்துக்கு ஓடும் தொழில்முறை ஓட்டக்காரரானார். அந்த ஆண்டு தொடங்கிய கால்பந்து லீக்கின் முதல் பருவத்தில்தான் பிரெஸ்டன் 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் வாகை சூடியது. ஒரு கோல்கூட வாங்காமல் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது. “வெல்லப்பட முடியாதவர்கள்” என்று வரலாற்றில் இடம்பெற்ற அந்த அணியில் வார்ட்டன் இல்லை. அந்த முடிவை எடுத்தபோது அவருக்கு வயது 22. சமயப் பணிக்கான படிப்பு கைவிட்டுப்போயிருந்தது. பிழைப்புக்கு அவரிடம் இருந்தவை கால்களே. இதை எழுதும்போது “துரதிர்ஷ்டவசமாக” என்று தொடங்கும் வாக்கியத்தைத் தவிர்த்துவிட்டு, தேதிகளை வரிசையாக நிறுத்துங்கள்.

ஒரு கதையை எப்படி நம்புவது

வார்ட்டனைப் பற்றி மிகவும் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. ராதர்ஹாம் அணிக்கும் ஷெஃபீல்டு வென்ஸ்டே அணிக்கும் ஆலிவ் குரோவ் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில், வார்ட்டன் எகிறிக் குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கியபடி, வந்த பந்தைக் கால்களுக்கிடையே கவ்விப் பிடித்தார். பாய்ந்து வந்த மூன்று முன்கள வீரர்கள் தடுமாறி வலைக்குள் போய் விழுந்தார்கள். கேட்கிறவர் எவரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் கதை. இதை எழுதாமல் விட்டால் கட்டுரைக்கு உயிர் இல்லை. அப்படியே எடுத்து எழுதினாலோ ஆராயாமல் எழுதியதாகிவிடும்.

இக்கதை நமக்குக் கிடைப்பது 1942 ஜனவரியில் ஷெஃபீல்டு நாளிதழ் ஒன்றில் வெளியான வாசகர் கடிதத்திலிருந்து. எழுதியவர், தாம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கால்பந்து பார்த்துவருவதாகவும் அதைப் போன்ற தடுப்பைப் பிறகு பார்த்ததே இல்லை என்றும் சொல்கிறார். நேரில் கண்ட சாட்சிதான். ஆனால் அரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட நினைவு. இங்கே நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கடிதத்திலுள்ள ஒவ்வொரு சிறு தகவலையும் வெளியிலிருந்து சரிபார்க்கலாம். வென்ஸ்டே அணி ஆலிவ் குரோவில் ஆடியது 1887 முதல் 1899 வரை. வார்ட்டன் ராதர்ஹாம் டவுன் அணியில் சேர்ந்தது 1889இல். “வலைக்குள் விழுந்தார்கள்” என்ற சொல் நினைவுப்பிழை இல்லை என்றால், அந்த ஆட்டம் வலைகள் வழக்கத்துக்கு வந்த பிறகு, அதாவது 1891க்கு முன்னதாக அல்லாமல் நடந்திருக்க வேண்டும். இடமும் ஆளும் காலமும் பொருந்துகின்றன. கதை முழுவதும் உண்மை என்று இதனால் நிறுவப்பட்டதாகாது. நடந்திருக்கக்கூடியது என்று மட்டும் தெரிகிறது. எனவே, “அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு வாசகர் நினைவுகூர்ந்தபடி” என்ற அடைமொழியோடு கதையைச் சொல்லலாம். அந்த அடைமொழி கதையின் சுவையைக் குறைப்பதில்லை. ஒரு மனிதர் தாம் இளமையில் கண்ட ஒரு பந்துத் தடுப்பை ஐம்பது ஆண்டுகள் மனத்தில் சுமந்திருந்து, உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஒரு ஜனவரியில் உட்கார்ந்து எழுதி அனுப்பினார் என்பது, தொங்கிப் பிடித்த பந்தைவிடப் பெரிய செய்தியாக எனக்குத் தோன்றுகிறது. வார்ட்டன் இறந்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய கல்லறையில் பெயர்கூட இல்லை.

இழிசொற்களைக் கையாளுதல்

அன்றைய செய்தித்தாள்கள் வார்ட்டனைப் பற்றி எழுதியதில் பாராட்டும் உண்டு, இழிவும் உண்டு. 1887இல் விளையாட்டு ஏடு ஒன்று, கோல் கம்பங்களுக்கு நடுவே அவர் காட்டிய விளையாட்டுத்தனத்தைக் கண்டித்தபோது, அவருடைய நிறத்தைச் சுட்டும் இழிபெயரால் அழைத்து, அவருடைய மண்டைக்கு அது ஏறாதா என்று கேட்டது. மற்றக் கோல் காப்பாளர்கள் செய்தால் நிதானம் என்றும் துணிச்சல் என்றும் போற்றப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, அவர் செய்தபோது அறிவின்மையாகக் காட்டப்பட்டது.

அந்த ஆங்கில இழிபெயரைத் தமிழில் எழுத்துப்பெயர்த்து எழுத வேண்டியதில்லை. அதற்கு இணையாகத் தமிழில் வழங்கும் வசைச்சொல் ஒன்றைத் தேடி இட வேண்டியதும் இல்லை. இட்டால், அந்த வசையை நாமே இரண்டாம் முறை சொன்னதாகிவிடும். அதற்காக “சிலர் விமர்சித்தார்கள்” என்று மழுப்பிவிடவும் கூடாது. யார் எழுதியது, எந்த ஆண்டு, எதற்காக, அந்த வாக்கியம் என்ன வேலை செய்தது என்று சொல்லுங்கள். குறிப்பாக, பாராட்டுக்குள் மறைந்திருக்கும் இழிவைக் கவனியுங்கள். அவருடைய வேகத்தை “இயற்கையின் கொடை” என்று மட்டும் புகழும் அன்றைய வரிகளை நாமும் அப்படியே திருப்பி எழுதிவிட்டால், அவர் பயிற்சியால் ஈட்டியதைப் பிறப்பால் வந்தது என்று நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பெயர்களை எழுதுவதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. “வார்டன்” என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு விடுதிக் காப்பாளர்தான் நினைவுக்கு வருவார். ஒற்று மிகுத்து “வார்ட்டன்” என்று எழுதுவது ஒலிப்புக்கும் நெருக்கம், குழப்பமும் இல்லை. இலங்கை வாசகர்களுக்கு எழுதுவதானால் கால்பந்து என்பதை உதைபந்தாட்டம் என்று மாற்றிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும் கட்டுரை முழுவதும் ஒரே வடிவத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்.

யாரும் எழுத விரும்பாத ஆண்டுகள்

1889க்குப் பிறகான வாழ்க்கையைப் பலர் மூன்று வரிகளில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் வார்ட்டன் தொழில்முறைக் கால்பந்து வீரராக வாழ்ந்தது அந்த ஆண்டுகளில்தான். ராதர்ஹாம் டவுன் அணியில் ஊதியத்துக்கு ஆடினார். கூடவே அந்நகரப் பகுதியில் மதுக்கடை நடத்தினார். 1890இல் எம்மா லிஸ்டர் என்ற பெண்ணை மணந்தார். 1893இல் ராதர்ஹாம் டவுன் லீக்கின் இரண்டாம் பிரிவில் சேர்க்கப்பட்டது. 1894இல் ஷெஃபீல்டு யுனைடெட் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே கோல் காப்பாளர் இடத்தில் மாபெரும் உருவம் கொண்ட பில் ஃபௌக் இருந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சண்டர்லாந்துக்கு எதிராக வார்ட்டனுக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது. லீக்கின் உச்சநிலையான முதல் பிரிவில் ஒரு கறுப்பின வீரர் ஆடியது அதுவே முதல் முறை. அந்த அணிக்காக அவர் ஆடிய லீக் ஆட்டமும் அது ஒன்றுதான். பிறகு மீண்டும் ராதர்ஹாம், ஸ்டேலிபிரிட்ஜ் ரோவர்ஸ், ஆஷ்டன் நார்த் எண்ட், கடைசியாக ஸ்டாக்போர்ட் கவுண்டி என்று போய், 1902இல் ஆட்டத்தை நிறுத்தினார். கோடைக்காலங்களில் கிரிக்கெட்டும் ஆடினார்.

கழகங்களின் பெயர்களை வரிசையாக அடுக்குவது வாசகரைச் சோர்வடையச் செய்யும் என்பது உண்மை. ஆனால் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்: யார்க்‌ஷயர், லங்காஷயர், செஷயர் ஆகிய மாவட்டங்களின் ஆலை நகரங்களும் சுரங்க நகரங்களுமே அவை. ஆட்டம் எங்கே ஊதியம் தந்ததோ அங்கெல்லாம் அவர் போனார். சமயக் கல்லூரியில் தொடங்கிய ஒருவர் தொழிலாளர்களின் நகரங்களில், தொழிலாளர்களின் ஆட்டத்தில், தொழிலாளராகவே மாறிய பாதை அது. அந்தப் பாதையைக் காட்டும் வகையில் எழுதினால் கழகப் பெயர்கள் சுமையாக இரா.

ஆட்டம் முடிந்த பிறகு அவருக்கு ஓய்வூதியம் ஏதும் இல்லை. மதுப் பழக்கம் அவரைப் பற்றியிருந்தது. டான்காஸ்டருக்கு அருகிலுள்ள எட்லிங்டனில் யார்க்‌ஷயர் மெயின் நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி இழுக்கும் பிரிவில் வேலை செய்தார். 1930 டிசம்பரில், 65ஆம் வயதில், நோயுற்று வறுமையில் இறந்தார். எட்லிங்டன் இடுகாட்டில் பெயர்க்கல் இல்லாத குழியில் புதைக்கப்பட்டார். இந்தப் பகுதியை இரக்கத்தைப் பிழிந்தெடுக்கும் வகையில் எழுதும் ஆசை எவருக்கும் வரும். அவர் செய்த வேலையை மதிப்போடு எழுதுங்கள். சுரங்க வேலை இழிவானதன்று. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட வேலை அது. நெஞ்சை உறுத்துவது அவர் சுரங்கத்துக்குப் போனது அன்று. நாட்டின் வேகமான மனிதராக இருந்தவரை அந்நாட்டின் விளையாட்டு உலகம் முற்றிலும் மறந்துவிட்டது என்பதே.

மரபை அளவோடு எழுதுதல்

“வார்ட்டன் திறந்த கதவின் வழியே ஆயிரக்கணக்கானோர் நுழைந்தனர்” என்பது போன்ற வாக்கியம் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. அவருக்குப் பின் கதவு மூடியே கிடந்தது என்று சொல்வதே வரலாற்றுக்கு நெருக்கம். டாட்டன்ஹாம் அணியில் வால்டர் டல் ஆடியது 1909இல். அவர் படை அதிகாரியாகி 1918இல் பிரான்சில் போரில் இறந்தார். மொராக்கோவின் லார்பி பென் பாரெக் மார்செய் அணியில் சேர்ந்தது 1938இல். தென்னாப்பிரிக்காவின் ஸ்டீவ் மொகோனே இங்கிலாந்தின் கவண்ட்ரி சிட்டிக்கு வந்தது 1950களின் நடுவில். அவர்கள் வார்ட்டனின் பெயரைக் கேட்டு வந்தவர்கள் என்று காட்ட எந்தச் சான்றும் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முன்னோடிகளின் வரலாற்றில் மிகக் கசப்பான செய்தி இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதை மறைத்துவிட்டு அறுபடாத சங்கிலி ஒன்றைப் புனைந்து எழுதக் கூடாது.

அவருடைய மரபு உண்மையில் தொடங்குவது 1990களில். வரலாற்றாய்வாளர் பில் வசிலி பழைய செய்தித்தாள்களிலும் ஆவணங்களிலும் அவரைத் தேடி எடுத்தார். ஷெஃபீல்டில் கால்பந்தின் வழியாக இனவெறியை எதிர்த்து இயங்கிய அமைப்பு ஒன்று நிதி திரட்டியது. 1997இல் எட்லிங்டன் கல்லறைக்குப் பெயர்க்கல் வந்தது. 2003இல் இங்கிலாந்துக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் அவர் சேர்க்கப்பட்டார். டார்லிங்டனில் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது; அதன் நீண்ட முயற்சியின் பயனாக 2014 அக்டோபரில், இங்கிலாந்து தேசிய அணிகள் பயிற்சி பெறும் செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் அவருக்கு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. இந்த வரிசையை எழுதும்போது ஒவ்வொன்றையும் யார் செய்தார்கள் என்பதைச் சொல்லத் தவறாதீர்கள். “கௌரவிக்கப்பட்டார்” என்ற செயப்பாட்டுவினை, உழைத்தவர்களை மறைத்துவிடும். பெரிய நிறுவனங்கள் தாமாக நினைவுகூரவில்லை. ஓர் ஆய்வாளரும் உள்ளூர் மக்களும் நினைவூட்ட வேண்டியிருந்தது.

கட்டுரையைச் சிலையோடு முடிப்பதா கல்லறையோடு முடிப்பதா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். சிலையோடு முடித்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்ற தோற்றம் வந்துவிடுகிறது. கல்லறையோடு முடிப்பதையே நான் பரிந்துரைப்பேன்: 1930இல் புதைக்கப்பட்டார், 1997இல் பெயர்க்கல் நாட்டப்பட்டது என்று இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து எழுதி, இடையிலுள்ள 67 ஆண்டுகளை வாசகரே கழித்துப் பார்த்துக்கொள்ள விட்டுவிடலாம். ஒளிப்படம் ஒன்று சேர்க்க இடமிருந்தால், ஓட்டப்பந்தயத்தில் வென்ற கோப்பையோடு அவர் இருக்கும் பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே பட்டங்கள் எதுவும் இல்லாமல் “ஆர்தர் வார்ட்டன், அக்ரா 1865 – எட்லிங்டன் 1930” என்று மட்டும் அச்சிடுங்கள்.